பினாங்கில் ஜாகை எங்கே? பட்டணமும் கடற்கரையும் பற்றி ஒரு பாடம்

சென்ற கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது அன்பர்கள் மூவர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டார்கள். பள்ளி விடுமுறைக்குக் கடையைப் பங்காளியிடமோ தம்பியிடமோ ஒப்படைத்துவிட்டு, குடும்ப சகிதமாகப் பினாங்கு சென்று நான்கைந்து நாள் தங்கி வர அவர்களுக்கு எண்ணம். பிள்ளைகள் கடலில் குளிக்க வேண்டும். பெரியவர்கள் பட்டணத்தைப் பார்க்க வேண்டும். ஜாகையைப் பட்டணத்திலே வைத்துக்கொள்வதா, பத்து பெரிங்கிக் கடற்கரையிலே வைத்துக்கொள்வதா? அவர்களுள் ஒருவர், "எங்கே வாடகை மலிவு, அதைச் சொல்லுங்கள் போதும்" என்றார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. இதே கேள்விக்கு ஒருமுறை தவறான விடை கண்டு, அதற்குரிய விலையையும் கொடுத்தவர்கள் நாங்கள். அந்த விலை பணத்தால் மட்டும் கொடுத்ததன்று. ஆகவே வாய்ப்பேச்சாக முடித்துவிடாமல், பாடம் போலவே இங்கு எழுதுகிறோம்.

முதலில் இடத்தின் கிடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பினாங்குத் தீவின் வடகிழக்கு முனையில் இருப்பது ஜார்ஜ் டவுன். 1786இல் பிரான்சிஸ் லைட் கம்பெனியாருக்காகக் கைக்கொண்ட இடம் அது. 2008இல் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அங்கிருந்து வடகரையை ஒட்டி மேற்கே போனால் கர்னி டிரைவ், தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா, அதன் பின்னர் பத்து பெரிங்கி, கடைசியாகத் தெலுக் பகாங். பெயரைக் கேட்டு நம் பிள்ளைகள், "பத்து என்றால் மற்ற ஒன்பது எங்கே?" என்று கேட்டார்கள். மலாய் மொழியில் பத்து என்றால் கல். பெரிங்கி என்பது நாம் பரங்கி என்று சொல்லும் அதே சொல்தான். பரங்கிக் கல் என்று வைத்துக்கொள்ளலாம்.

பட்டணத்திலிருந்து பத்து பெரிங்கி சுமார் 15 கிலோமீட்டர். இதைக் கேட்டதும் யாரும், "இவ்வளவுதானா? கால்மணி நேரப் பாதை" என்றுதான் நினைப்பார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். தஞ்சோங் பூங்காவைத் தாண்டியதும் பாதை ஒடுங்கி, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல் என்று வளைந்து வளைந்து செல்லும். வழியில் ஒரு சுற்றுலா பஸ் மெதுவாகப் போனால் அதன் பின்னால் எல்லாரும் மெதுவாகத்தான் போகவேண்டும். நெரிசல் இல்லாத வேளையில் அரைமணிக்குச் சற்று மேல். மாலையிலும் விடுமுறை நாட்களிலும் ஒரு மணி, அதற்கு மேலும் ஆகும். பினாங்கில் வார விடுமுறை சனி, ஞாயிறு. பக்கத்துக் கெடாவிலோ வெள்ளி, சனி. ஆகவே அந்தப் பாதைக்கு வாரக்கடைசி என்பது இரண்டு நாளன்று, மூன்று நாள்.

இனி எங்கள் கதை. கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டவர்கள் ஒன்பது பேர்: எங்கள் உம்மா, அண்ணன் தம்பி நாங்கள் இருவர், எங்கள் மனைவியர் இருவர், பிள்ளைகள் நால்வர். இருவரும் ஒரே கடையில் இருப்பதால் ஒருசேரக் கடையை விட்டு வருவது ஆண்டுக்கு ஒருமுறைதான் முடியும். அந்த நான்கு இரவை எங்கே கழிப்பது என்பதை நாங்கள் கைத்தொலைபேசியில் படம் பார்த்து முடிவு செய்தோம். நீச்சல்குளம், அதற்கு அப்பால் தென்னை, அதற்கு அப்பால் கடல். பிள்ளைகள் ஒரே குரலாய்ச் சொல்லிவிட்டார்கள். உம்மாவிடம் கேட்டதற்கு, "உங்க இஷ்டம்தான், தம்பி. எனக்கு சூலியா வீதியை ஒரு நடை காட்டிட்டாப் போதும்" என்றார்கள்.

சூலியா வீதியை உம்மா கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் அத்தா 1960களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, அந்த வீதியில் ஒரு கடையில் ஐந்து ஆண்டு வேலை பார்த்தவர்கள். சம்பளத்தை அங்கிருந்துதான் ஊருக்கு அனுப்புவார்கள். உம்மாவுக்கு வந்த கடிதங்களின் முகவரியில் எல்லாம் அந்த வீதியின் பெயர்தான். பின்னர் அத்தா கோலாலம்பூருக்கு வந்து சொந்தக் கடை வைத்தார்கள், உம்மாவும் வந்தார்கள், பினாங்குக்கு மட்டும் உம்மா போனதேயில்லை. அத்தா மௌத்தாகிப் பல ஆண்டு ஆயிற்று.

பட்டர்வொர்த் வரை ரயிலில் வந்து, பெர்ரியில் கடலைக் கடந்து, வெல்ட் குவேயில் இறங்கினோம். (அந்தப் பெர்ரி 2021 ஜனவரி முதல் கார்களை ஏற்றுவதில்லை. காரில் வருவோர் 1985இல் திறந்த பழைய பாலத்திலோ 2014இல் திறந்த புதிய பாலத்திலோதான் வரவேண்டும். இதை அறியாமல் காருடன் துறைமுக வாசல் வரை போய்த் திரும்பியவர்கள் நம்மிலேயே உண்டு.) இறங்கிய இடத்திலிருந்து சூலியா வீதி கூப்பிடு தூரம். வண்டி அதன் முனையைக் கடக்கும்போது பலகையைப் பார்த்துவிட்டு உம்மா, "இதுதானே?" என்றார்கள். "ஆமாம் உம்மா, நாளைக்கு வருவோம்" என்று சொல்லி, நாங்கள் பத்து பெரிங்கிக்குப் போய்விட்டோம்.

மறுநாள் காலை பிள்ளைகள் கடலை விட்டு எழவில்லை. பத்து மணிக்கு மேல் வெயில். பகலுணவு முடித்துப் புறப்படலாமென்றால் சின்னவன் தூங்கிவிட்டான். அஸருக்குப் பின் புறப்பட்டோம். வளைவுகளில் உம்மாவுக்குத் தலைசுற்றல், குமட்டல். தஞ்சோங் பூங்காவிலேயே இறக்கிச் சற்று நேரம் உட்காரவைத்து, அப்படியே திரும்பினோம். அதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழவேண்டும் என்று ஆண்கள் இருவரும் மட்டும் புறப்பட்டோம். பாதை நெரிசலில் வண்டி நின்று நின்று, பள்ளிவாசல் வாசலை அடைந்தபோது ஜமாஅத் முடிந்து மக்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பத்து பெரிங்கியிலேயே பள்ளிவாசல் இருக்க, அதை விட்டு வந்தது எங்கள் குற்றமே. மூன்றாம் நாள் மழை. உம்மா தாமே, "நான் வரலை, பிள்ளைங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லி அறையிலேயே இருந்துவிட்டார்கள். கடைசி நாள், பெர்ரிக்கு நேரமாகிறது என்ற ஓட்டத்தில் சூலியா வீதியை வண்டிக் கண்ணாடி வழியே பார்த்தார்கள்.

வீடு வந்த பிறகு, கடல் எப்படி இருந்தது என்று அண்டை வீட்டார் விசாரித்தார்கள். உம்மா சொன்ன பதில்: "நாகூர்க்காரிக்குக் கடலையா காட்டணும்?"

குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். எங்களுக்குத்தான் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

தவறு எங்கே நேர்ந்தது என்று அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வியாபாரிகளுக்குத் தெரிந்த கணக்குதான். சரக்கு எடுக்கும்போது கொள்முதல் விலையை மட்டும் பார்த்து யாராவது விலை வைப்பாரா? கப்பல் கூலி, வண்டிக் கூலி, இறக்கு கூலி, வழியில் ஆகும் சேதம் எல்லாம் சேர்த்தல்லவா அடக்கவிலை காண்கிறோம்? ஜாகை விஷயத்தில் அறை வாடகை என்பது கொள்முதல் விலை மட்டுமே. நாங்கள் அதைப் பார்த்து, அடக்கத்தைப் பார்க்காமல் விட்டோம்.

ஒன்பது பேருக்குப் பெரிய வண்டி இரண்டு வேண்டும். முழு நாட்கள் மூன்று; நாளுக்கு ஒருமுறை பட்டணம் போய்வர, போக இரண்டு, வர இரண்டு; ஆக 12 வண்டிக் கூலி. இது ஏட்டுக் கணக்கு. நடப்பில் பாதிப்பேர் முன்னால் திரும்புவதும் பாதிப்பேர் பின்னால் திரும்புவதுமாகி, ஒரு பெண்பிள்ளை மருந்துக்கடை போய்வந்ததும் சேர்ந்து, உம்மாவைப் பாதிவழியில் திருப்பிக் கூட்டிவந்ததும் சேர்ந்து, 16 ஆயிற்று. பட்டணத்தில் ஓர் அறைக்கு அதிகமாகக் கேட்டார்கள் என்று நாங்கள் விட்டுவந்த தொகை, இந்தக் கூலியில் பெரும்பகுதி போய்விட்டது. நேரமோ, வண்டியில் உட்கார்ந்தது மட்டும் ஏறக்குறைய எட்டு மணி. ஆண்டுக்கு ஒருமுறை கடையை விட்டு வருபவனுக்கு எட்டு மணி என்பது சிறு சேதமன்று.

101ஆம் எண் பஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. வெல்ட் குவேயில் புறப்பட்டு, கொம்தார் வழியாக, பத்து பெரிங்கியைத் தாண்டித் தெலுக் பகாங் வரை போகிறது. குளிர்சாதனம் உண்டு, கட்டணமும் சொற்பம். வாலிபர்கள் இருவர் மூவராகப் போனால் இதைவிட நல்லது வேறில்லை. ஆனால் மாலையில் கூட்டம் நிற்க இடமில்லாதபடி இருக்கும். முதியவரையும் தூங்குகிற குழந்தையையும் அதில் ஏற்றி நிறுத்திக்கொண்டு வளைவுகளில் போவது பாவம்.

இன்னொரு சங்கதியைக் கணக்குப் போடும்போதுதான் கண்டோம். பட்டணத்துக்கும் கடற்கரைக்கும் நல்ல வேளை ஒன்றே. கடலில் காலை பத்து மணிக்குள் இறங்கலாம், பிறகு அஸருக்கு மேல் இறங்கலாம். நடுப்பகல் வெயில் தாங்காது. பட்டணத்தில் நடப்பதற்கும் அதே காலை, அதே மாலை. நடுப்பகலில் இரண்டு இடத்திலும் நிழல்தான் வேண்டும். ஆகையால், "காலையில் கடல், மாலையில் பட்டணம்" என்று போடுகிற திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும்; நடப்பில் அந்த மாலைப் பயணம் வேலை விட்டு வீடு திரும்புவோரின் நெரிசலிலே போய் விழும். ஒரு நாளில் ஓர் இடம்தான் ருசிக்கும். இதை ஒப்புக்கொண்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அப்படியானால் ஜாகையை யாரை வைத்து முடிவு செய்வது? எங்கள் வீட்டில் அதிகக் குரல் எழுப்பியவர்களை வைத்து முடிவு செய்தோம். அது பிழை. எட்டு வயதுப் பையனை எங்கிருந்து வேண்டுமானாலும் கடலுக்குக் கூட்டிப்போகலாம். வண்டியில் தூங்குவான், இறங்கியதும் ஓடுவான். எழுபத்தைந்தைத் தாண்டிய தாயாரையும் கைக்குழந்தையையும் அப்படிக் கொண்டுபோய்க் கொண்டுவர முடியாது. அவர்கள் ஒரு மணி நேரம் வெளியே வருவார்கள், பிறகு அறைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து மறுபடியும் வருவார்கள். ஆகவே குடும்பத்தில் யாரால் அதிகம் அலைய முடியாதோ, அவர் பார்க்க விரும்புகிற இடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் ஜாகை இருக்க வேண்டும். மற்றவர்கள் அலையலாம்.

அடுத்த ஆண்டு மறுபடியும் போனோம். இம்முறை ஐந்து இரவு. முதல் மூன்று பட்டணத்தில், பின் இரண்டு கடற்கரையில். சிலர் இரண்டு ஜாகை என்றதும் முகம் சுளிப்பார்கள். மூட்டை கட்டி அவிழ்ப்பது தொல்லை, அரைநாள் வீண் என்பார்கள். அது உண்மைதான். பகல் 12 மணிக்கு ஓர் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். மற்றோர் அறையை 3 மணிக்கு மேல்தான் கொடுப்பார்கள். நாங்கள் மூட்டைகளைப் பட்டணத்து ஹோட்டலிலேயே வைத்துவிட்டு, நிதானமாக நாசி கண்டார் சாப்பிட்டு, லுஹர் தொழுது, இரண்டு மணிக்கு வண்டி அழைத்தோம். இரண்டு இடங்களுக்கும் இடையே நாங்கள் கொடுத்த வண்டிக் கூலி மொத்தம் இரண்டு. முந்தைய ஆண்டின் 16ஐ அருகில் எழுதிப் பாருங்கள்.

நாள்களின் வரிசையும் யோசித்து வைத்தது. வியாழன் மாலை வந்து சேர்ந்தால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு நடந்தே போகலாம். வெள்ளியும் சனியும் கடற்கரையில் கூட்டம், வாடகையும் ஏற்றம்; அவ்விரு நாளும் நாம் பட்டணத்தில். ஞாயிறு பிற்பகல் மற்றவர்கள் கடற்கரையை விட்டுத் திரும்பும்போது நாம் எதிர்த்திசையில் போகிறோம். பள்ளி விடுமுறையில் இந்த வித்தியாசம் கொஞ்சம் குறையும், ஆனாலும் உண்டு. விமானத்தில் வரும் சிங்கப்பூர் அன்பர்கள் மட்டும் வேறொன்றையும் பார்க்க வேண்டும். விமான நிலையம் தீவின் தென்பக்கம், பாயான் லெப்பாஸில். அங்கிருந்து பட்டணம் சுமார் 16 கிலோமீட்டர். பத்து பெரிங்கி அதைப்போல் இரு மடங்கு. காலை விமானத்தில் ஊர் திரும்புகிறவர்கள் வரிசையை மாற்றி, கடற்கரையை முதலிலும் பட்டணத்தைக் கடைசியிலும் வைத்துக்கொள்வது நல்லது.

பட்டணத்தில் ஜாகை பிடிப்பதில் சூட்சுமங்கள் உண்டு. பழைய கடைவீடுகளைப் புதுப்பித்துத் தங்கும் விடுதி ஆக்கியிருக்கிறார்கள். பார்க்க மிக அழகு. ஆனால் பலவற்றில் மின்தூக்கி கிடையாது. மரப்படி செங்குத்தாக ஏறும். வீடு ஒடுங்கி நீண்டது ஆகையால் நடு அறைகளுக்கு ஜன்னலே இராது. சூலியா வீதியிலும் அதை ஒட்டிய லவ் லேனிலும் இரவு வெகுநேரம் மதுக்கடைகளின் பாட்டுச் சத்தம். தெருப்பக்க அறை எடுத்தால் தூக்கம் போயிற்று. எனவே பதிவு செய்யுமுன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேட்கவேண்டும்: கீழ்த்தள அறை அல்லது மின்தூக்கி உண்டா, ஜன்னல் உண்டா, அறை தெருப்பக்கமா பின்பக்கமா. படத்தை நம்பாதீர்கள், படத்தில் சத்தம் கேட்காது. நாங்கள் சூலியா வீதியை விட்டு ஒரு குறுக்குத் தெரு தள்ளி, மின்தூக்கி உள்ள சாதாரணக் கட்டடத்தில் எடுத்தோம். அழகில் ஒன்றுமில்லை. உம்மா ஒரு நாளைக்கு மூன்று தடவை இறங்கி ஏறினார்கள்.

அங்கே ஜாகை இருந்தால் எவையெல்லாம் காலடியில் வருகின்றன என்று பாருங்கள். 1801இல் காதர் முகைதீன் அவர்கள் முன்னின்று நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அங்கிருந்து சில நிமிஷ நடையில், சூலியா வீதியும் கிங் வீதியும் கூடும் முனையில், நாகூர் தர்கா. மறுபக்கம் 1808இல் எழுந்த ஆச்சே வீதிப் பள்ளிவாசல். மார்க்கெட் வீதி, பினாங்கு வீதிப் பக்கம் நம் ஊர் மளிகை, துணி, பூமாலை. காம்பெல் வீதியில் 1907 முதல் நடந்துவரும் ஹமீதியா உணவுக்கடை. நம்மவர் ஹலால் கடை தேடி அலையும் சிரமமே இல்லாத பட்டணம் இது. ஒரே குறை ஐந்தடி நடை. கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும். சில இடங்களில் மோட்டார் சைக்கிளும் சரக்கும் வழியை அடைத்திருக்கும். சக்கர நாற்காலி தள்ளுவது கடினம். முதியவர் நடப்பதானால் காலை எட்டு மணிக்கு முன், கடைகள் திறக்குமுன், நடக்கவையுங்கள்.

வெள்ளிக்கிழமை அந்த வேளையில்தான் நாங்களும் போனோம். அத்தா சொல்லியிருந்த அடையாளங்களை வைத்து உம்மா அந்தக் கடையைத் தேடினார்கள். இரண்டு கட்டடங்களில் எது என்று நிச்சயமில்லை. ஒன்று பூட்டிக்கிடந்தது, மற்றொன்று தங்கும் விடுதி ஆகியிருந்தது. வாசலில் முதுகுப்பையுடன் வெள்ளைக்கார வாலிபர் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். உம்மா மேல்மாடியைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்கள். பிறகு, "உங்க அத்தாவும் இங்கேதான் படுத்துக் கிடந்தாங்க, சரக்கு மூட்டை மேலே. இப்போ அதுக்கு வாடகை வாங்குறாங்களா?" என்று கேட்டார்கள். எவ்வளவு என்று பெரிய மகன் தொலைபேசியில் பார்த்துச் சொன்னான். நன்னியும் பேரனும் நடைபாதையிலேயே நின்று சிரித்தார்கள்.

கடற்கரை ஜாகையின் நியாயத்தையும் குறைத்துச் சொல்லக் கூடாது. கடற்கரை பொதுவானது, ஹோட்டலில் தங்காதவரும் மணலில் இறங்கலாம். பின் ஏன் அங்கே அறை? குளித்தபின் உப்புத் தண்ணீரைக் கழுவ வேண்டும், ஈர உடையை மாற்ற வேண்டும். ஆண்பிள்ளைகள் எப்படியோ சமாளிப்பார்கள். பெண்டிர் ஈர உடையுடன் 15 கிலோமீட்டர் வண்டியில் வருவதெப்படி? வெளியிலிருந்து கடற்கரைக்குப் போகும் குடும்பத்தில் பெண்கள் கரையில் உட்கார்ந்து செருப்பைக் காவல் காப்பதுதான் வழக்கமாகிவிடுகிறது. அறை அருகில் இருந்தபோதுதான் எங்கள் வீட்டுப் பெண்கள் முழங்கால் தண்ணீரையாவது கண்டார்கள். அவர்களுக்கும் அது விடுமுறைதானே!

பினாங்குக் கடல் கீழ்க்கரைத் தீவுகளின் கடலைப் போலக் கண்ணாடியாக இராது, கலங்கிய பச்சை. தெளிந்த நீரில் மீன் பார்க்க விரும்புவோர் திரங்கானுப் பக்கம் போகட்டும். பத்து பெரிங்கியில் நல்லது மணலும் மாலைக் காற்றும். சொறிமுட்டை என்று நம் ஊரில் சொல்லும் ஜெல்லி மீன்கள் இந்தக் கரையில் உண்டு. சில வகை கடும் விஷமுள்ளவை. சிவப்புக் கொடி பறந்தாலோ கரையில் அவை ஒதுங்கிக் கிடந்தாலோ பிள்ளைகளை இறக்காதீர்கள். விசைப் படகும் ஜெட் ஸ்கீயும் ஓடும் பக்கத்தில் குளிக்கவிடாதீர்கள். மாலையில் சாலையோரம் கடை விரிப்பார்கள். அங்கே நம்மவர் பேரம் பேசும் திறமையைக் காட்டலாம், சரக்கு பெரும்பாலும் நம் கடைகளிலேயே கிடைப்பதுதான். தெலுக் பகாங் பக்கத்தில் நறுமணப் பயிர்த் தோட்டம் ஒன்று உண்டு. ஏலமும் பட்டையும் மூட்டையிலே பார்த்தே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அவற்றைச் செடியாகக் காட்டலாம். எங்கள் கடைச் சரக்கை மரத்தில் பார்த்து அவர்கள் அடைந்த வியப்பு, நீச்சல்குளத்தில்கூட அடையவில்லை.

நடுவிலே, கர்னி டிரைவிலோ தஞ்சோங் பூங்காவிலோ தங்கினால் இரண்டுக்கும் சமதூரமல்லவா என்று கேட்பார்கள். எங்கள் அபிப்பிராயத்தில் அது இரண்டுங்கெட்டான். கர்னி டிரைவில் கடல் உண்டு, குளிக்கும் கரை இல்லை. தஞ்சோங் பூங்காவில் கடல்மேல் நிற்கும் பள்ளிவாசல் கண்ணுக்கு இனியது. மணல் சிறிது, நீர் மேலும் கலங்கல். இரண்டு இடத்துக்கும் வண்டி ஏறியே தீரவேண்டும். ஒரேயொரு நன்மை, அந்தப் பக்கம் அடுக்குமாடி வீடுகளைச் சமையலறையுடன் வாடகைக்கு விடுகிறார்கள். கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும், சர்க்கரை நோயாளிக்கு அளவுச் சாப்பாடு வேண்டும் என்றால் அது வேறு கணக்கு.

இரண்டே இரவு கிடைக்கும் அன்பர்கள் ஜாகையை மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். முதியவர் உடன் வந்தால் பட்டணத்தில் தங்கி, ஒரு காலையை மட்டும் கடலுக்கு ஒதுக்குங்கள். விடியற்காலை புறப்பட்டால் பாதை காலியாக இருக்கும், பதினொன்றுக்குள் திரும்பிவிடலாம். சிறு பிள்ளைகளும் தாய் தந்தையும் மட்டுமானால் கடற்கரையிலேயே இருந்துவிட்டு, வரும் வழியிலோ போகும் வழியிலோ பட்டணத்தில் ஒருவேளை சாப்பிடலாம்.

மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுதி. ஜனவரி, பிப்ரவரி வறண்ட காலம். கீழ்க்கரையில் பருவமழை கொட்டும் ஆண்டுக் கடைசியில் பினாங்கு ஓரளவு தப்பிக்கும் என்பதால் அப்போது எல்லாரும் இங்கேதான் வருகிறார்கள். அறையை முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். சிங்கப்பூர் அன்பர்கள் அறை வாடகையுடன் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குகிறார்கள். அது பெரும்பாலும் அறை கொடுக்கும் மேஜையிலேயே கேட்கப்படும். மூன்று அறை, ஐந்து இரவு என்றால் 150 ரிங்கிட். அடக்கவிலையில் எழுதிவிடுங்கள்.

வருகிற விடுமுறையில் பினாங்கு சென்று திரும்பும் அன்பர்கள், தாங்கள் கொடுத்த வாடகையையும், வண்டிக் கூலியையும், பாதையில் ஆன நேரத்தையும் குறித்துவைத்து நமக்கு எழுதினால் அடுத்த இதழில் சேர்த்துக்கொள்வோம். சூலியா வீதியில் 1960களில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் யாரேனும் இருந்தால், எந்தக் கடை எந்த எண்ணில் இருந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள். உம்மா அந்த இரண்டு கட்டடங்களில் எது என்று இன்னமும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.